மணிக்கட்டும் மருத்துவமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பேசவேண்டும் என்று கேட்டபோது நம் செயலாளர் எனக்குப் 'புதுக்கவிதையில் உவமை' என்னும் தலைப்பைத் தந்தார். அதற்கு மாறாக, இரத்தக் கொதிப்பைப் பற்றியும் அதனை அளந்து காப்பதற்கு இன்று வந்திருக்கும் கைக்கருவிகளைப் பற்றியும் பேசட்டுமா என்று கேட்டேன். சற்று நேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. "கவிஞர்கள் கூடும் இடத்தில் அதற்கு என்ன வேலை, ஐயா?" என்றார். "முதல் வரிசையில் யார் வந்து அமரப்போகிறார் என்று எண்ணிப் பாருங்கள்" என்றேன். மறுபேச்சின்றி இசைந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கு ஆசிரியனாக இருந்தவன் நான். மருத்துவன் அல்லேன். ஒன்பது ஆண்டுகளாக இந்நோயோடு குடித்தனம் நடத்துகிறவன் என்ற தகுதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள்முன் நிற்கிறேன்.

நம் மூத்த கவிஞர் இதோ முன்வரிசையில் வீற்றிருக்கிறார். அவருடைய இசைவையும் அவர் துணைவியாரின் இசைவையும் பெற்றே இதைச் சொல்கிறேன். ஐந்தாண்டுகளுக்கு முன் கண் பரிசோதனைக்குச் சென்ற இடத்தில் அவருக்கு இரத்த அழுத்தம் 170க்கு 100 என்று கண்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நான்கு மாதம் உட்கொண்டார். பிறகு நிறுத்திவிட்டார். "தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, மாடி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. பிறகு எதற்கு மாத்திரை?" என்று நம்மிடமே கேட்டார். நாமும் தலையசைத்தோம். அந்தத் தலையசைப்பில் எனக்கும் பங்கு உண்டு.

ஓராண்டு கழித்து ஒரு விடியற்காலையில் அவர் வலக்கை தொய்ந்தது, நாக்குக் குழறியது. அம்மையார் பதறாமல் 108க்கு அழைத்தார்கள், உயிர் பிழைத்தது. ஆனால் சொற்கள் போய்விட்டன. கேட்ட மாத்திரத்தில் வெண்பாப் பாடக்கூடியவர், தண்ணீர் வேண்டும் என்று கேட்க இயலாமல் சொம்பைச் சுட்டிக்காட்டிச் 'சாவி' என்றார். தாம் சொன்னது தவறு என்பது அவருக்கே தெரிந்தது, அதுதான் கொடுமை. மூளையின் இடப்பக்கத்தில், மொழிக்குரிய பகுதியில் குருதியோட்டம் தடைப்பட்டதால் வந்த பேச்சிழப்பு அது.

இரண்டு மாதம் கழித்து நாங்கள் நால்வர் அவரைக் காணச் சென்றோம். எங்களுள் ஒருவர் பள்ளிநாளில் கற்ற பாட்டொன்றை மெல்ல எடுத்தார். கவிஞரும் உடன் சேர்ந்து நான்கு அடிகளையும் பிழையின்றிப் பாடினார். பேச்சை இழந்தவருள் சிலர்க்குப் பாட்டும் சந்தமும் எஞ்சி நிற்பதுண்டு என்பது மருத்துவ உலகம் நன்கு அறிந்த செய்தி. பாடி முடித்ததும் எங்களை 'உட்காருங்கள்' என்று சொல்ல முயன்றார், வரவில்லை. வெளியே வந்த நாங்கள் தெருமுனை வரையில் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஒரு மாத்திரையும் ஒழுங்கான அளவீடும் காப்பாற்றியிருக்கக்கூடிய சொற்களை நாம் இழந்தோமே என்ற எண்ணம் அன்றுமுதல் என்னை விட்டு நீங்கவில்லை. இவ்வுரையின் பிறப்பிடம் அதுவே.

அன்பர்களே, இந்நோயின் தன்மையை முதலில் தெரிந்துகொள்வோம். இதயம் சுருங்கிக் குருதியை உந்தும்போது நாளச் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண்; இதயம் தளர்ந்து நிரம்பும்போது இருப்பது கீழ் எண். மருத்துவமனையில் பார்க்கும்போது 140க்கு 90, வீட்டில் அமைதியாகப் பார்க்கும்போது 135க்கு 85 என்ற அளவுகளைப் பல நாடுகளின் வழிகாட்டு நெறிகள் எல்லையாகக் கொண்டிருக்கின்றன. எல்லையைக் கடந்தாலும் உடம்பு பெரும்பாலும் ஒன்றும் சொல்லுவதில்லை. இரத்தக் கொதிப்பு என்று பெயர் வைத்தோமே தவிர, குருதி கொதிப்பதும் இல்லை. கொதிப்பை நாம் உணர்வதும் இல்லை. கோபக்காரர்க்கே இந்நோய் வரும் என்று நம்பி, சாந்தமானவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, 30 முதல் 79 வயது வரையிலானோருள் 128 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. அவர்களுள் 46 விழுக்காட்டினர் தமக்கு நோய் இருப்பதையே அறியார். ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் முடிவு வெளியான பேராய்வு, நம் நாட்டில் 20 வயதைக் கடந்தோருள் 35.5 விழுக்காட்டினர்க்கு இந்நோய் இருப்பதாகக் கணித்தது. இந்த அரங்கில் அறுபது நாற்காலிகள் இருக்கின்றன. கணக்கு ஆசிரியன் என்ற முறையில் பெருக்கிப் பார்த்தேன். விடையை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

உடம்பு சொல்லாததைக் கருவிதான் சொல்லவேண்டும். அக்கருவி வந்த வழி சுவையானது. 1733இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார், குதிரையின் நாடியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்திக் குருதி எட்டு அடிக்கு மேல் எழுவதைக் கண்டு எழுதினார். மனிதர்க்கு அது ஆகாத வேலை. 1896இல் இத்தாலியரான ரீவா ரோச்சி, புயத்தில் சுற்றிக் காற்றடிக்கும் பட்டையையும் பாதரசக் குழாயையும் இணைத்துத் துன்பமில்லாத வழியைக் காட்டினார். 1905இல் உருசிய மருத்துவர் கொரோட்கோவ், பட்டையைத் தளர்த்தும்போது முழங்கை மடிப்பில் செவி வைத்துக் கேட்டால் ஓர் ஒலி தோன்றிப் பின் மறையும் என்றும், தோன்றும் இடம் மேல் எண், மறையும் இடம் கீழ் எண் என்றும் கண்டார். அதன்பின் நூறாண்டுக் காலம் மருத்துவர்கள் செவியால்தான் இவ்வழுத்தத்தை அளந்தார்கள். இன்று வீடுகளில் வைத்திருக்கும் மின்னணுக் கருவி ஒலியைக் கேட்பதில்லை; பட்டைக்குள் எழும் அதிர்வை உணர்ந்து கணக்கிடுகிறது. ஆனாலும் புயத்தை இறுக்கித் தளர்த்தும் அந்தப் பட்டை 1896லிருந்து நம்மோடு இருக்கிறது.

அந்தப் பட்டையே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வந்தவைதான் மணிக்கட்டில் கட்டும் ஸ்மார்ட் வாட்சுகளுள் பல. என் கதையைச் சொல்கிறேன். அறுபத்தைந்தாம் பிறந்த நாளுக்கு என் மகன் ஒன்றை வாங்கித் தந்தான். தொட்டால் போதும், இரத்த அழுத்தம் எண்ணாக ஒளிரும். மூன்று வாரம் நாள்தோறும் பார்த்தேன்: 118, 121, 119. மகிழ்ச்சி தாளவில்லை. விலக்கி வைத்திருந்த மாங்காய் ஊறுகாய் மீண்டும் இலைக்கு வந்தது. மாத்திரையையும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கிக்கொண்டேன். பிறகு வழக்கமான பரிசோதனைக்குச் சென்றபோது மருத்துவர் புயத்தில் பட்டை கட்டிப் பார்த்தார்: 164க்கு 98. சிறிது பொறுத்து மறுபடியும் பார்த்தார். பெரிய மாற்றம் இல்லை. அதே நேரத்தில் என் மணிக்கட்டு 120 என்றது. வீட்டுக்கு வந்து அந்தக் கடிகாரத்தைக் கழற்றி என் ஏழு வயதுப் பேத்தியின் கையில் கட்டினோம். அவளுக்கும் 119. நோயாளியைப் பார்த்து எண் சொல்லாமல், எல்லார்க்கும் பொதுவாக ஒரு நல்ல எண்ணை வைத்திருந்தது அந்தக் கருவி. மூத்த கவிஞருக்கு நேர்ந்ததைக் கண்ணால் கண்டவன் நான். அப்படியிருந்தும் ஒரு பொய் எண்ணை நம்பி மாத்திரையைக் குறைத்தேன். இதைச் சொல்ல நாணுகிறேன். ஆனால் சொல்லாமல் இருக்கலாகாது.

எல்லாக் கடிகாரங்களும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றின் முறையை அறிந்தால் வேறுபாடு விளங்கும். கடிகாரத்தின் அடிப்புறத்திலிருந்து பச்சை ஒளி தோலுக்குள் செல்கிறது. நாடி துடிக்கும்தோறும் குருதியின் அளவு கூடிக் குறைய, திரும்பிவரும் ஒளியும் குறைந்து கூடுகிறது. துடிப்பின் எண்ணிக்கையை அறிய இது நல்ல வழி. அழுத்தத்தை அறிய இது நேர்வழி அன்று. அலையின் வடிவத்தைக் கொண்டு ஊகிக்கிறார்கள். ஆகவேதான் 2020இல் தென்கொரியாவில் ஒப்புதல் பெற்ற சாம்சங் கடிகாரத்தில்கூட, 28 நாளுக்கு ஒருமுறை புயப்பட்டைக் கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளவேண்டும் என்று விதித்தார்கள். ஓம்ரான் நிறுவனம் வேறு வழியில் சென்று, கடிகார வாரினுள்ளேயே காற்றடைக்கும் சிறு பட்டையை வைத்து 2018இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. ஆப்பிள் கடிகாரத்திற்கு 2025 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அளித்த ஒப்புதல் இன்னும் எண்ணத்தக்கது. அது எண்ணே சொல்வதில்லை. முப்பது நாள் நாடியலைகளைப் பார்த்து, 'உங்களுக்கு இரத்தக் கொதிப்பு இருக்கலாம்' என்ற ஐயத்தை மட்டும் தெரிவிக்கிறது. தெரிவித்த பிறகு ஏழு நாள் புயப்பட்டைக் கருவியால் அளந்து மருத்துவரிடம் காட்டுமாறு அதுவே அறிவுறுத்துகிறது. நோயுள்ள எல்லாரையும் அது கண்டுபிடித்துவிடாது என்று அந்நிறுவனமே கூறியிருக்கிறது.

பட்டையில்லாக் கருவிகளைக் கொண்டு நோயைத் துணியவோ மருந்தை மாற்றவோ கூடாது என்று ஐரோப்பிய இரத்தக் கொதிப்புக் கழகம் 2022இல் அறிவித்தது. 2025இல் வெளிவந்த அமெரிக்க வழிகாட்டு நெறிகளும் அவ்வாறே எச்சரிக்கின்றன. நாளை இவை செம்மையுறலாம். நான் எதிர்ப்பாளன் அல்லேன். என் மணிக்கட்டில் இப்போதும் கடிகாரம் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு மாத்திரையை நினைவூட்டுகிறது. நெடுநேரம் அமர்ந்து எழுதினால் எழுந்து நடக்கச் சொல்கிறது. அழுத்தத்தை மட்டும் நான் அதனிடம் கேட்பதில்லை.

அப்படியானால் எதனிடம் கேட்பது? புயத்தில் கட்டும் மின்னணுக் கருவியிடம் கேட்கலாம். முறைப்படி ஆய்ந்து தேறிய கருவிதானா என்று மருத்துவரைக் கேட்டு வாங்கவேண்டும். பட்டை புயத்தின் பருமனுக்குப் பொருந்தவேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் எண் பொய்யாக உயரும். அளப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்து காப்பி, புகை, நடை மூன்றும் ஆகா. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, இரு பாதங்களும் தரையில் படிய, காலின்மேல் கால் போடாமல், புயம் நெஞ்சின் மட்டத்தில் மேசைமேல் இருக்க, ஐந்து நிமிடம் சும்மா இருக்கவேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளக்கவேண்டும். காலையில் மாத்திரைக்கு முன்னும், இரவு படுக்குமுன்னும், ஏழு நாள் இவ்வாறு எடுத்து, முதல் நாளை நீக்கிச் சராசரி காணவேண்டும். கூட்டல் வகுத்தலுக்கு அஞ்சுவோர்க்குக் கைப்பேசிச் செயலி துணைசெய்யும். கருவியிலிருந்து எண்களைத் தானே வாங்கிச் சேர்த்து, நாள்வரிசைப்படி கோடு வரைந்து காட்டும் செயலிகள் பல இருக்கின்றன. வேண்டாத விவரங்களை அவற்றிடம் கொடுக்காதிருப்பது நலம்.

இந்த விதிகளுள் ஒன்று நமக்கென்றே அமைந்தது: அளக்கும்போது பேசக்கூடாது. தானே இயங்கும் கருவிகள் வந்தபின், பேசிக்கொண்டிருக்கும் மனிதரையும் அளக்க முடிந்தது. ஜேம்ஸ் லிஞ்ச் என்னும் அமெரிக்க உளவியலாளர், 'இதயத்தின் மொழி' என்று பொருள்படும் தலைப்பில் 1985இல் வெளியிட்ட நூலில், மனிதர் பேசத் தொடங்கியதுமே அழுத்தம் உயர்வதையும், அமைதியாகக் கேட்கும்போது தணிவதையும் விரிவாகக் காட்டினார். ஆகவே கவியரங்கத் தலைவர் அழுத்தத்தையும், கவிதை சொல்லி இறங்கியவரின் அழுத்தத்தையும் அளந்து பயனில்லை. பத்தாண்டுகளாகப் பின்வரிசையில் இருந்து கேட்டுவரும் அன்பர்களே மன்றத்தில் நலமாக இருப்பவர்கள் என்று தோன்றுகிறது!

ஓர் எண்ணைக் கண்டு துள்ளுவதும் துவள்வதும் தவறு என்பது இதிலிருந்து விளங்கும். அழுத்தம் நாழிகைக்கு நாழிகை மாறும் இயல்பினது. மருத்துவரைக் கண்டதும் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்; மருத்துவமனையில் நன்றாக இருந்து வீட்டில் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். பின்னவர்களின் நோய் மறைந்திருப்பதால் ஆபத்து மிகுதி. வீட்டு அளவீடு இவ்விருவரையும் காட்டிக்கொடுக்கிறது. நம் உறுப்பினர் ஒருவர் கருவி வாங்கிய புதிதில் நாளுக்கு இருபது முறை அளந்தார். அச்சத்தால் எண் ஏற, எண்ணால் அச்சம் ஏற, இரவு தூக்கம் போயிற்று. காலை மாலை தவிரக் கருவியைத் தொடக்கூடாது என்று அவருடைய மருத்துவர் பெட்டியைப் பூட்டிச் சாவியை மருமகளிடம் கொடுக்கச் சொன்னார்.

இனி, அளப்பதால் நோய் தணியுமா என்று கேட்கலாம். இங்கிலாந்தில் 142 குடும்ப மருத்துவர் நிலையங்களைச் சார்ந்த 1,182 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி ஓராண்டு ஆய்ந்து, 2018இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் மருத்துவமனை அளவையே நம்பியவர்களின் மேல் எண், ஆண்டிறுதியில் சராசரி 140.4. வீட்டில் தாமே அளந்து மருத்துவருக்குத் தெரிவித்தவர்களுக்கு 137.0. கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியே அனுப்பியவர்களுக்கு 136.0. பின்னவர்களுக்கு அழுத்தம் விரைவாகவும் இறங்கிற்று. மூன்று நான்கு புள்ளிதானே என்று எண்ணவேண்டா. மேல் எண் ஐந்து புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெருநோய்கள் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று 2021இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியிருக்கிறது.

இந்த இறக்கம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்து. பட்டையும் கைப்பேசியும் மருந்தல்ல. வீட்டில் எழுதிய எண்களை மறுமுனையில் ஒருவர் படித்தார். படித்து மாத்திரையைக் கூட்டினார் அல்லது மாற்றினார். யாரும் படிக்காத எண், அலமாரியில் கிடக்கும் அச்சேறாத கவிதை போன்றது. எழுதியவருக்கு எழுதிய நிறைவு உண்டு. வேறு பயன் இல்லை. என்னை ஏமாற்றியது கடிகாரம் மட்டும் என்று சொல்லமாட்டேன். மூன்று வாரமும் அந்த எண்களை நான் ஒருவரிடமும் காட்டவில்லை. காட்டியிருந்தால், 'ஊறுகாயும் உண்டு, மாத்திரையும் குறைத்து, 118 எப்படி வரும்?' என்று முதல் நாளே என் மனைவி கேட்டிருப்பாள்.

நம் தமிழகம் இதனை ஒருவகையில் உணர்ந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுகாதாரத் தன்னார்வலரான பெண்கள் வீடுதேடிச் சென்று அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து, மாத்திரையையும் கையில் கொடுக்கும் முறை வந்தது. 2024இல் அதற்கு ஐக்கிய நாடுகளின் விருது கிடைத்தது. கைப்பேசியில் எழுத்துப் படிக்கவியலாத முதியவளின் எண்ணையும் படிக்க ஒருவர் வாயிலுக்கு வந்து நிற்கிறார் என்பதே அதன் சிறப்பு.

நிறைவாக, இரண்டாம் பத்தாண்டில் அடியெடுத்து வைக்கும் வட்டத்திற்கு ஒரு வேண்டுகோள். நம் நூலக அறையில் தேர்ந்த புயப்பட்டைக் கருவி ஒன்றும், சாய்மானமுள்ள நாற்காலி ஒன்றும், ஒரு குறிப்பேடும் வைப்போம். கூட்டம் தொடங்குவதற்கு அரைமணி முன்னர் வருகிறவர்கள் பேசாமல் அமர்ந்து அளந்துகொள்ளட்டும். எண்ணை அவரவர் தம் ஏட்டிலோ கைப்பேசியிலோ எழுதிக்கொள்ளட்டும். உயர்ந்து நிற்பவரை மறுவாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல இருவர் பொறுப்பேற்போம். மாத்திரையை நிறுத்தப்போவதாக ஒருவர் சொன்னால், இனி நாம் தலையசைக்கவேண்டா. உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கவேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. ஆகையால் விழா விருந்தில் அப்பளமும் மோர்மிளகாயும் ஊறுகாயும் ஒரே இலையில் கூடவேண்டா என்றும் சமையல் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் மூத்த கவிஞரின் வீட்டில் இப்போது நாள்தோறும் காலையில் ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. அம்மையார் பட்டையைக் கட்டுகிறார்கள். இருவரும் பேசாமல் இருக்கிறார்கள். கருவி நின்றபிறகு, திரையிலுள்ள எண்ணைக் கவிஞரே வாய்விட்டுப் படிக்கவேண்டும் என்பது அம்மையார் வகுத்த விதி. பேச்சிழந்த அவருக்கு எண்ணின் பெயர்களே மிகவும் எட்டாமல் இருந்தன. முதலில் 'நூறு' வந்தது. பல மாதம் கழித்து 'முப்பது' வந்தது. சென்ற வெள்ளிக்கிழமை நான் அங்கிருந்தபோது, திரையைப் பார்த்து நெடுநேரம் உதடுகளைக் கூட்டி, 'நூற்று இருபத்தெட்டு' என்று முழுமையாகச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "சரியா, வாத்தியாரே?" என்றார். கணக்கு ஆசிரியனாக நான் பல்லாயிரம் விடைகளைத் திருத்தியிருக்கிறேன். அன்றுபோல் மனம் நிறைந்து ஒரு விடைக்கும் நான் 'சரி' போட்டதில்லை.